பதினேழு மணித்தியாலம்

ஆறு மணிக்கு எழும்பினேன். பல் துலக்கினேன். கேத்தலில் ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும் வைத்தேன். பாணுக்கு வெண்ணெய் பூசி, நின்றபடியே தின்றேன். வாசலைக் கூட்டினேன். என் மனைவி றொஷினியின் பூட்ஸை ஒதுக்கிவிட்டுக் கூட்டி, பிறகு இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் போய் இரண்டு குளிர்காலம். பூட்ஸில், பனி உருகத் தெருவில் தூவும் உப்பின் கறை அப்படியே இருக்கிறது. குப்பைப் பையைக் கட்டினேன். கதவைப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நடந்தேன்.

என் துப்பறியும் அலுவலகம் மொன்றியலில், சென்ட் லோரன்டில், ஒரு டெப்பனருக்கு, அதாவது மூலைக்கடைக்கு, மேலே இருக்கிறது. ஒரு அறை, இரண்டு மேசை. ஒன்று எனக்கு. மற்றது றெஜினா அக்காவுக்கு. அவர் மன்னார்க்காரி, ஐம்பது தாண்டியவர், என் உதவியாளர். காரும் அவருடையதுதான். அவருடைய வாய் அந்தக் காரைவிட வேகம்.

"தம்பி ரதீசன், இந்தச் சேர்ட்டை நேற்றும் போட்டனீர்."

"தோய்ச்சது அக்கா."

"எப்ப, வாங்கேக்கையோ?"

நான் பதில் சொல்லுமுன் படியில் காலடி கேட்டது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். நெற்றியில் தொழிற்சாலைத் தொப்பி அழுத்திய கோடு. பக்கத்து மருந்துத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேரே வருவதாகச் சொன்னாள். பெயர் செல்வமலர்.

"எனக்கு ஒரு விஷயம் தெரியவேணும் தம்பி. என்ர அம்மா கடைசியாச் சொன்னது உண்மையோ எண்டு."

"அம்மா எங்கை?"

"செத்திட்டா. அடுத்த கிழமை ஞாயிற்றுக்கிழமை ஆட்டைத் திவசம். அண்ணை குணரத்தினம் வீட்டிலை செய்யினம், டொலார்டிலை."

போன வருடம் தாய் கொழும்பில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குணரத்தினம் சனிக்கிழமை இரவு மொன்றியலிலிருந்து விமானம் ஏறினார். மலர் திங்கட்கிழமை போவதாக இருந்தாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. ஞாயிறு பின்னேரம் அண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அதை இன்னும் தொலைபேசியில் வைத்திருந்தாள். மேசையில் வைத்து அழுத்தினாள்.

"மலர், நான் வந்து சேந்திட்டன். பதினேழு மணித்தியாலப் பயணம். நேர ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தனான். அம்மாவுக்குப் பக்கத்திலை நிக்கிறன். நீ வெளிக்கிடாதை. அம்மா சொல்லிப்போட்டா, மலர் என்ர முகத்திலை முழிக்கக் கூடாது எண்டு. கடைசி நேரத்திலை அவவைக் குழப்பாதை."

பதிவு நின்றது. மலர் தொலைபேசியைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

"அடுத்த நாள் அம்மா போயிட்டா. நான் போகேல்லை."

"அம்மாவுக்கு உங்களிலை என்ன கோவம்?"

"அவ பாத்த மாப்பிள்ளையை வேண்டாமெண்டு போட்டு, நான் ஒரு வேதக்காரனை, சேர்ச்சுக்குப் போறவனைக் கட்டினனான். ஆறு வருஷம் கதைக்கேல்லை."

"வேதக்காரரைக் கட்டினா அப்பிடித்தான் பிள்ளை. நானும் ஒண்டைக் கட்டிப்போட்டு இருக்கிறன்" என்றார் றெஜினா அக்கா.

மலர் சிரிக்கவில்லை. "இதைச் சொன்னது அண்ணையின்ர குரல்தானே. முதல் எனக்கு அப்பிடித்தான் கேட்டது. இப்ப அம்மான்ர குரலிலைதான் கேக்குது. அவ அப்பிடிச் சொல்லியிருந்தா, நான் திவசத்திலை அவவின்ர படத்துக்கு முன்னாலை போய் நிக்க ஏலாது. சொல்லேல்லை எண்டால் நான் நிக்கவேணும். அதுதான் கேக்கிறன்."

செத்தவர் கடைசியாக என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்பார்கள். றொஷினி போனபோது என்னிடமும் கேட்டார்கள். நான் பேனையை எடுத்தேன்.

"அண்ணை டோகாவைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"டோகாவோ? அது எங்கை கிடக்கு?"

"கொழும்புக்குப் போறவை பிளேன் மாறுற இடம். நீங்கள் கனடாவுக்கு வரேக்கை எந்தப் பக்கத்தாலை வந்தனீங்கள்?"

"நானும் மனுசனும் பிரேசிலுக்கு வந்து, பிறகு காடு, ஆறு எல்லாம் நடந்து, அமெரிக்காவுக்குள்ளாலை வந்தனாங்கள். ஐஞ்சு மாசம். அகதிக் கேஸ் இந்த மாரிக்குத்தான் முடிஞ்சுது. போன வருஷம் போகவேண்டாமெண்டு லோயரும் சொன்னவர்தான். நான் கேக்கேல்லை."

"அப்ப பதினேழு மணித்தியாலம் எண்டு அண்ணை சொல்ல..."

"நம்பினன். ஐஞ்சு மாசம் நடந்து வந்தவளுக்குப் பிளேன் எவ்வளவு நேரம் எண்டு எப்பிடித் தெரியும்?"

அவள் போன பிறகு பதிவை இன்னொரு தடவை கேட்டோம். எங்கள் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டுத்தான் போயிருந்தாள். குரலுக்குப் பின்னால் ஏதோ சில்லுகள் தரையில் உருளும் சத்தம். டக், டக், டக் என்று ஓடு மாறும் இடங்களில் துள்ளியது.

"ஆஸ்பத்திரியிலை ஆர் சூட்கேசை உருட்டித் திரியிறது?" என்றார் றெஜினா அக்கா. "டொக்டர்மார் இப்ப ஈரலை அதுக்குள்ளையோ கொண்டு போகினம்?"

"ஆஸ்பத்திரியிலை வண்டிலும் உருளும். அது மட்டும் காணாது அக்கா. அந்தப் பதினேழைப் பாருங்கோ."

"என்ன பதினேழு?"

"நீங்கள் ஊருக்குப் போய்வந்தா, பயணம் எப்பிடி எண்டு கேக்கிறவைக்கு என்ன சொல்லுவீங்கள்?"

"டோகாவிலை கிடந்து காய்ஞ்ச கதை சொல்லுவன். அந்தக் கதிரையோட என்ர முதுகு இன்னும் கோவம்."

"அதுதான். எல்லாரும் ட்ரான்சிட்டைத்தான் சொல்லுவினம். மொத்தமா இத்தனை மணித்தியாலம் எண்டு ஒருத்தரும் சொல்லாயினம். இவர் தொகையை மட்டும் சொல்லுறார்."

தொலைபேசியில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் அடித்தேன். மொன்றியல், கொழும்பு. ஒரு இணையத்தளம் உடனே விடை தந்தது. தூரம் ஏறக்குறையப் பதின்மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஏறக்குறையப் பதினேழு மணித்தியாலம். பூமி உருண்டையின் மேல் ஒரே கோடாக இழுத்திருந்தார்கள். அந்தக் கோட்டில் ஒரு விமானமும் பறப்பதில்லை.

"டோகாவுக்கே பன்ரண்டு. அங்கையிருந்து கொழும்புக்கு ஐஞ்சு. பறக்கிற நேரமே பதினேழு வந்திட்டுது" என்றேன். "இடையிலை காத்திருந்ததை எங்கை போடுறது? கட்டுநாயக்கா எயார்போட்டிலையிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த காரை எங்கை போடுறது? இந்தப் பதிவு வரேக்கை அவர் கொழும்பிலை நிண்டிருக்க ஏலாது. இந்தப் பக்கத்தைப் பாத்துத்தான் சொல்லியிருக்கிறார்."

"அப்ப தாய் சொன்னது?"

"பக்கத்திலை இல்லாதவர் எப்பிடிக் கேட்டவர்?"

"போனிலை கேட்டிருக்கலாம் எண்டுவார். வழுக்குவார் தம்பி. எப்ப போய் இறங்கினவர் எண்டு பிடிக்கவேணும். விமானக் கொம்பனி எங்களுக்குச் சொல்லாது."

"வேறை ஆருக்குத் தெரியும்?"

றெஜினா அக்கா கார்ச் சாவியை எடுத்தார். "எங்கட சனத்திலை ஒருத்தன் மற்றாக்களின்ர பார்சல் இல்லாமல் ஊருக்குப் போய்க் கண்டிருக்கிறீரோ? தாய் சாகக் கிடக்கிறா எண்டாலும் அரைக் கிலோ எண்டாலும் திணிச்சு விடுவினம். குடுத்து விட்டவளுக்குத் தெரியும் தம்பி, எப்ப போய்ச் சேந்தது எண்டு."

சென்ட் றெஜிஸ் வீதி முருகன் கோயிலில் சனிக்கிழமை அன்னதானம். மடைப்பள்ளியில் ஐந்தாறு பெண்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். றெஜினா அக்கா கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு ஒரு கத்தியை எடுத்து உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். குணரத்தினத்தைத் தெரியுமா என்று கேட்டேன்.

"குணத்தைத் தெரியாமலோ? குடுத்து வைச்சவர். ஓடிப்போய்த் தாயின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். எங்களிலை எத்தினை பேருக்கு அது கிடைச்சுது?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. வெங்காயம் தூரத்தில்தான் இருந்தது.

உள்ளே றெஜினா அக்கா குரலை உயர்த்தினார். "குணமண்ணையிட்ட இனிப் பார்சல் குடுக்கவே மாட்டன் பாருங்கோ. போன வருஷம் குடுத்துவிட்டது, ஆடி அசைஞ்சு ஒரு கிழமையாலை போச்சுது."

அவர் குணரத்தினத்தைக் கண்ணாலும் கண்டதில்லை.

ஒரு பெண் கத்தியை நிறுத்தினாள். "உங்கடையும் பிந்தினதோ? அக்கா, அவரிலை பிழையில்லை. செத்தவீடெல்லோ."

அவள் பெயர் தாட்சாயினி. அஹுன்ட்சிக்கில் இருக்கிறாள். தங்கை ஆர்த்திகாவுக்கு ஒரு கைப்பையும் சில கிறீம்களும் கொடுத்து விட்டிருந்தாள். ஆர்த்திகா கொழும்பு வெள்ளவத்தையில், குணரத்தினத்தின் தாய் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவள்.

"பிள்ளையள் இஞ்சை. அங்கை அந்த அம்மாவோட ஆஸ்பத்திரியிலை நிண்டது என்ர தங்கச்சிதான்" என்றாள். "விடியப்புறம் அவ போயிட்டா. குணமண்ணை காலமைதான் வந்து இறங்கினவர். செத்தவீட்டிலை, அழுதுகொண்டு, என்ர பார்சலை எடுத்துக் குடுத்தவராம். தங்கச்சிக்கு வாங்கக் கை வரேல்லையாம்."

"அப்ப அவர் தாயை உயிரோட காணேல்லையோ?"

தாட்சாயினி கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "இல்லை. ட்ரான்சிட்டிலை நிக்கேக்கை போன் எடுத்துக் கேட்டவராம். அம்மா நித்திரை எண்டு சொல்லிப்போட்டினம். பிறகு வழியிலை நிக்கிறவருக்கு ஆர் செத்ததைச் சொல்லுறது? இறங்கின பிறகுதான் தெரியும். இஞ்சை சனம் அவர் பாத்திட்டார் எண்டு கதைக்குது. நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. பாவம்."

அம்மா நித்திரை. அப்படியென்றால் தொலைபேசியிலும் தாய் அவருடன் கதைக்கவில்லை.

காருக்குள் ஏறியதும் றெஜினா அக்கா சிலுவையை வெளியே எடுத்துவிட்டார்.

"வெள்ளவத்தையிலை வீடு எண்டு ஒண்டு இருக்கல்லோ" என்றார். "தங்கச்சி தாயின்ர கட்டிலடிக்குப் போனா அது அவளுக்குப் போயிடும். வேறை என்ன காரணம்? தாயின்ர வாயிலை பொய்யை வைச்ச மனுசன். என்ர கையிலை வெங்காயக் கத்தியும் இல்லாமல் போச்சுது."

"கேப்பம் அக்கா."

டொலார்டில் எல்லா வீட்டு வாசலிலும் அன்று கார்கள் ஜாக்கில் ஏறி நின்றன. மாரி டயரைக் கழற்றிக் கோடை டயர் போடும் வாரம். குணரத்தினம் கராஜ் வாசலில் குந்தியிருந்து நட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள். வாரப்படாத தலை. ஒரு பெரிய விமானம் இறங்குவதற்காகத் தாழப் போயிற்று. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார். போய் மறையும்வரை பார்த்தார்.

"குணமண்ணை, நான் ரதீசன். உங்கட தங்கச்சி அனுப்பினவ."

"மலரோ? திவசத்துக்கு வாறாளோ?"

"தெரியாது. அந்தக் குரல் பதிவு, அது டோகாவிலை நிண்டு அனுப்பினதுதானே?"

ஸ்பானர் நட்டில் அப்படியே நின்றது.

"ஆர் சொன்னது?"

"பார்சல்" என்றார் றெஜினா அக்கா.

அவர் எழும்பவில்லை. டயரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். நான் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் விளங்காதவர் போல என்னைப் பார்த்தார்.

"வீடோ? அதை அவளின்ர பேருக்கு மாத்தத்தான் கேஸ் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் என்ன நினைச்சனீங்கள்?"

றெஜினா அக்கா என்னைப் பார்க்காமல் புல்லைப் பார்த்தார்.

"அவளின்ர லோயர் எனக்கும் சொன்னவர் தம்பி. அந்த நாட்டிலை உயிருக்குப் பயம் எண்டு எழுதிக் குடுத்துப்போட்டு, அங்கையே போய் இறங்கினா கேஸ் அவ்வளவுதான். திரும்பி வர விடாங்கள். போனால் அவள் போனதுதான். மனுசன் இஞ்சை, பிள்ளையள் இஞ்சை. நல்லதாச் சொன்னன். கத்திச் சொன்னன். கேக்கேல்லை, டிக்கெட் எடுத்துப்போட்டாள். அவளை நிப்பாட்ட ஒராளாலைதான் ஏலும். அம்மாவாலை."

"அதாலை அம்மா சொன்னதா நீங்களே சொன்னீங்கள்."

"டோகாவிலை போனைப் பாத்தன். பதினேழு மணித்தியாலம் எண்டு கிடந்தது. அவள் கணக்குப் பாத்தாலும் பிழை வராது எண்டு நினைச்சன். அம்மா அப்ப உயிரோட இருந்தவ தம்பி. அதைத்தான் நான் நம்பி இருந்தன். போய் அம்மாட்ட எல்லாத்தையும் சொல்லி, அவவையே மலரோட கதைக்க விடலாம் எண்டு. ஒரு நாள் பொய். ஒரே ஒரு நாள்."

"பிறகு?"

"கட்டுநாயக்காவிலை என்னை ஏத்த வந்தவங்கள் ஒண்டும் கதைக்கேல்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்புற சந்தியிலை கார் திரும்பேல்லை. நேர வீட்டை போச்சுது. வாசலிலை செத்தவீட்டு வெள்ளைக் கொடி."

கராஜுக்குள் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது.

"கேஸ் முடிஞ்ச பிறகாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"என்னெண்டு சொல்லுறது? அவள் முகம் பாக்காமல் போனது என்னாலை. சனம் கோயிலிலை என்ர கையைப் பிடிச்சுக் கும்பிடுது. நானும் பாக்கேல்லை எண்டு என்னெண்டு சொல்லுறது?"

"அம்மா உண்மையிலை என்ன சொன்னவ எண்டு ஆர்த்திகாட்டக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"அம்மா மலர் எங்கை எண்டு கேட்டிருந்தா நான் என்ன செய்யிறது தம்பி? அவளைப் பற்றிக் கேக்காமலே போயிருந்தா என்ன செய்யிறது?"

றெஜினா அக்கா காரின் பின்கதவைத் திறந்தார்.

"ஏறுங்கோ அண்ணை. கையைத் துடைச்சுப்போட்டு ஏறுங்கோ. சீற் புதுசு."

மலரின் வீடு சென்ட் லோரன்டில் மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் எங்களைத் தாண்டிப் படியில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். நான் இரண்டு வசனத்தில் விஷயத்தைச் சொன்னேன். எங்கே நின்று பதிவு அனுப்பினார், ஏன் அனுப்பினார். முடிந்ததும் அண்ணனிடம் கேட்டாள்.

"அப்ப அம்மா அப்பிடிச் சொல்லேல்லை."

"இல்லை."

"என்ன சொன்னவ?"

"எனக்குத் தெரியாது மலர். நான் போகேக்கை முடிஞ்சுது."

அவள் அவரை அடிப்பாள் என்று நினைத்தேன். கதவை விட்டு விலகி நின்றாள். அவர் உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றார்.

தாட்சாயினி தந்த இலக்கத்துக்கு அழைத்தேன். திரையில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி தெரிந்தாள். பின்னால் மின்விசிறி சுற்றியது. அங்கே இரவு. நான் யார், யாருக்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். தொலைபேசியை மலரின் கையில் கொடுத்தேன்.

"ஆர்த்திகா, நல்லது எண்டு நினைச்சு ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்றேன். "அவ சொன்னதை மட்டும் சொல்லுங்கோ."

"பெரிசா ஒண்டும் சொல்லேல்லை அண்ணை" என்றாள் ஆர்த்திகா. "சொல்லக் கூச்சமாக் கிடக்கு."

"சொல்லு பிள்ளை" என்றாள் மலர்.

"மகன் வாறார் எண்டு நான் சொன்னனான். மகளும் வாறாளோ எண்டு கேட்டவ. எனக்கு உங்களைத் தெரியாது அக்கா. இல்லையெண்டு சொல்லவும் மனம் வரேல்லை. ரெண்டு பேரும் ஒரே பிளேனிலை வருகினம் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு கண் முழிக்கிற நேரமெல்லாம் இப்ப எங்கை வருகுது எண்டு கேட்டுக்கொண்டிருந்தவ. நான் போனிலை அந்தப் பிளேன் ஓடுற படத்தை எடுத்துக் காட்டினன். கடலுக்கு மேலை நிண்டது. போனைக் கையிலை வாங்கி வைச்சுக்கொண்டு பாத்தவ."

மலர் தொலைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். குணரத்தினம் சுவரிலிருந்து ஓரடி முன்னால் வந்தார்.

"பிறகு?"

"விடியப்புறம் ஒருக்காக் கண்ணைத் திறந்தவ. அறை லைற்றைப் பாத்தவ. எனக்குச் சொன்னா, பிறகு ஒண்டும் கதைக்கேல்லை."

"என்ன சொன்னவ?"

"'அந்த லைற்றை நூத்துவிடு பிள்ளை. பிளேனுக்குள்ளை மலர் நித்திரை.'"